நூறு மீட்டருக்கு ஒன்பது

1983ஆம் வருடம் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மதியம் இரண்டு மணியிலிருந்து செஃபெரினோ போன வழியெல்லாம் ஏற்றமாகவே இருந்தது. பைவா ஆற்றங்கரையிலிருந்து மலைக்குப் போனாலும் ஏற்றம், மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு வந்தாலும் ஏற்றம். அவருக்கு முன்னால் போகிறவன் பெடலில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு சீழ்க்கை அடித்தபடி இறங்குவான். அதே சாலையில் பின்னால் இவர் சீட்டை விட்டு எழுந்து நின்று, பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டு வருவார். நகராட்சிப் பொறியாளர் ஒருவர் ரசமட்டத்தோடு வந்து பார்த்தார். எங்கள் கரவேலோஷ் ஊரின் சந்தைத் திடல் பலகையைப் போல மட்டமானது. ஆனால் செஃபெரினோவை அதில் நிற்கவைத்து அவர் காலடியில் மட்டத்தை வைத்தபோது குமிழி முன்பக்கமாக ஓடி நின்றது. வடக்குப் பார்த்து நிற்கச் சொன்னார், தெற்குப் பார்த்து நிற்கச் சொன்னார், எந்தத் திசையானாலும் ஒரே கணக்குத்தான்: நூறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் ஏற்றம். அதை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்போது இருபத்தைந்து எஸ்குடோ விற்ற காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அந்தப் படிவத்துக்குப் பதில் வரவில்லை.

வீட்டில் பழகிக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. மேஜையில் வைத்த ஆரஞ்சுகள் அவர் வந்து உட்கார்ந்ததும் உருண்டு அவர் மடியில் விழுந்தன. சூப் அவர் பக்கமாக வழிந்ததால், அவர் மனைவி அடோசிந்தா தட்டின் விளிம்புக்கடியில் துணியை மடித்து வைக்கத் தொடங்கினாள். படுத்தால் விடிவதற்குள் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுவார். மற்றபடி அவர் மர அறுவை ஆலைக்கு வேலைக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் சங்கத்துக்காகப் பந்தயம் ஓட்டினார். பந்தயத்தில்தான் சங்கடமும் லாபமும் ஒன்றாக வந்தன. நூறு மீட்டருக்குப் பதினான்கு என்று சுவர்போல எழும் மலைச்சாலைகளிலும் அவருக்கு ஒன்பதுதான். மற்றவர்கள் நாக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது அவர் உச்சியில் போய் நின்று முகம் துடைத்துக்கொண்டிருப்பார். பிறகு இறக்கத்தில் அத்தனை பேரும் அவரைக் கடந்து போய்விடுவார்கள். முடிவுக் கோட்டுக்கு அவர் வரும்போது நாற்காலிகளை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் உச்சி தொட்டவருக்கு உப்பிட்ட பன்றித்தொடை பரிசு என்பதால் அவர் வீட்டு உத்தரத்தில் எந்த வருடமும் நாலைந்து தொடைகள் தொங்கின. பனிமய மாதா அவருக்குக் கொடுத்த வரம் இது என்று ஊரில் பேசிக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தோம். அது வெட்கம்தான், ஆனால் நாங்கள் நினைத்த வெட்கம் அல்ல.

அந்த 1983ஆம் வருடம் மே மாதம் அவருடைய ஒரே மகள் ஒடெட்டுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயதுக் குழந்தை. பதினொரு நாள் கண் திறக்கவில்லை. விசேயுவிலிருந்து வந்த டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளையின் எடைக்கு எடை மெழுகு தருவதாக மாதாவிடம் வேண்டிக்கொள்வது எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம். வெறும் மெழுகோடு யாரும் நிறுத்துவதில்லை என்பதும் வழக்கம்தான். ஒருத்தி முட்டி போட்டு வருவேன் என்பாள், அடுத்தவள் வெறுங்காலோடு வருவேன் என்பாள். ஏலம் ஏறிக்கொண்டே போகும். செஃபெரினோ தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பாலத்திலிருந்து உச்சியில் இருக்கும் மாதா கோயில்வரை பதினான்கு கிலோமீட்டர், மெழுகை முதுகில் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல், எவர் எதன் உதவியும் இல்லாமல் சைக்கிளில் வருவேன் என்றார். மறுநாள் குழந்தை கண்ணைத் திறந்து ரொட்டி கேட்டது.

ஆகஸ்ட் ஐந்து, மாதா திருநாளன்று பதின்மூன்று கிலோ மெழுகோடு கிளம்பினார். ஆகஸ்ட் வெயில். இருபதாவது வளைவில் மெழுகு இளகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்தொன்றாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மிதி மிதித்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. விழுந்தால் கால் தரையில் படும், கால் பட்டால் குழந்தை போய்விடும். அந்த நேரம் பார்த்து யூக்கலிப்டஸ் கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று அவரை மெதுவாகக் கடந்தது, பின்னால் ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது என்று அவர் பிற்பாடு சொன்னார். வளைவிலிருந்து கல் ஊற்றுவரை முந்நூறு மீட்டர். பிறகு விட்டுவிட்டார். உச்சியில் வாத்தியம் முழங்கியது, கோயில் சாமியார் அவரைக் கட்டிக்கொண்டார், போட்டோ எடுத்துக் கோயில் சுவரில் மாட்டினார்கள். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்ப சைக்கிளில் ஏறினார். இறக்கத்தில் மிதிக்க வேண்டியிருந்தது. அந்த முந்நூறு மீட்டரின் ஏற்றம் நூற்றுக்கு ஒன்பது என்பது எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரியும். பொறியாளர் எண்ணைச் சொன்னபோது திடலில் இருபது பேர் நின்றோம், ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

செஃபெரினோவுக்குத் தட்டிவிட்டது. மாதா குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, கணக்கை அவர் காலில் எழுதி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. ஆனால் எத்தனை நாளைக்குப் பொறுப்பாள் என்று தெரியவில்லை. ஒடெட் இருமினால் இவர் எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டாம் வருடம் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, செய்ததைச் சாமியாரிடம் சொல்லிவிட்டார்.

"இதுக்கு என்ன இவ்வளவு அழுகை?" என்றார் சாமியார். "மறுபடியும் ஏறு. இன்னிக்கு அவ என்ன எடையோ அந்த எடைக்கு மெழுகு. சங்கிலி கிங்கிலின்னு கை நீட்டாத."

"ஊர்ல ஏன் மறுபடியும்னு கேப்பாங்களே சாமி."

"கேப்பாங்க. சொல்லு."

அதுதான் அவரால் முடியவில்லை. சுவரில் போட்டோ, சங்கத்தில் பெயர், உத்தரத்தில் பன்றித்தொடைகள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். அடுத்த வருடம் ஒடெட் பத்தொன்பது கிலோ. அதற்கடுத்த வருடம் இருபத்திரண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை டவுனுக்குக் கூட்டிப்போய் மருந்துக்கடைத் தராசில் நிற்கவைத்துப் பார்ப்பார். பெண் ஒரு சுற்றுப் பெருத்திருப்பதைப் பார்த்து வரும் சந்தோஷமும், இன்னும் மூன்று கிலோ கூடிவிட்டதே என்கிற பயமும் ஒரே முகத்தில் வந்து போகும். பெற்ற பிள்ளை நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட தகப்பன் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

லாரி ஓட்டியவர் குவால்தேர். பாலத்தடி காப்பிக்கடையில் தினமும் சீட்டாடுகிறவர். செஃபெரினோ ஏழு வருடம் அவர் எதிரில் உட்காராமல் இருந்துவிட்டு, ஒருநாள் மாலை போய் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கண்ணாடியில பாத்தியா?"

"கண்ணாடி பாக்காமலா முப்பது வருஷமா லாரி ஓட்றேன்?" என்றார் குவால்தேர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யார்கிட்டயும் சொல்லலையே."

"என்னத்தச் சொல்றது? நான்தான் உன்னைப் பாத்து வண்டிய மெதுவாக்கினேன். எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல. முந்நூறு மீட்டர்ப்பா. மாதா என்ன, கையில டேப்பு வச்சுக்கிட்டா உக்காந்திருக்கா?"

"வச்சிருக்கா," என்றார் செஃபெரினோ.

குவால்தேர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கோப்பை ஒயின் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட் ஐந்தாம் தேதியும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் குடித்தார்கள்.

ஒடெட் பத்தொன்பது முடித்த வருடம் லக்ஸம்பர்க்கில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது. அடோசிந்தாவின் தங்கை அங்கே இருந்தாள். எங்கள் ஊரில் கால் முளைத்தவர்கள் எல்லாரும் போகிற வழிதான் அது. ஆகஸ்டில் வருவார்கள், கடைசி வாரம் பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். போவதற்கு முந்தின வாரம் செஃபெரினோ அவளை மருந்துக்கடைக்குக் கூப்பிட்டார். அவள் தராசில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பொறந்தநாள் கூட இல்ல. என்னப்பா, ஆட்டைப் போல எடை போட்டு வித்துடப் போறீங்களா?"

முள் ஐம்பத்தெட்டில் நின்றது. இனி இந்தத் தராசில் இவள் நிற்க மாட்டாள், மெழுகின் எடையும் இதோடு தெரியாமல் போய்விடும் என்று அவருக்குப் பட்டது. கடை வாசலில் நின்றபடியே சங்கிலிவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒடெட்டுக்குக் கோபம்தான் வந்தது.

"முந்நூறு மீட்டருக்காகப் பதினஞ்சு வருஷம் தட்டுக்கடியில துணி வச்சு சூப்பு குடிச்சீங்களா?"

"நீ நல்லா இருக்கணும்ல."

"நான் நல்லாத்தான் இருக்கேன். ஒருநாள் போய் மிதிச்சிட்டு வந்திருந்தா நீங்களும் நல்லா இருந்திருப்பீங்க." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எதுக்கு மெழுகு? எடைதானே கணக்கு? நானே வந்து உக்கார்றேன். பஸ்ஸும் மேல கோயில் முக்குலதான் நிக்குது. கொண்டுபோய் விடுங்க."

ரொட்டிக்காரனின் சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றி அவர் சைக்கிளில் பூட்டினார்கள். ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை, பாலத்தடியில் பாதி ஊர் நின்றது. செஃபெரினோ தொப்பியைக் கழற்றி, அன்றைக்குச் சங்கிலியைப் பிடித்தேன், அதனால்தான் மறுபடியும் போகிறேன் என்றார். இரண்டு வாக்கியம்தான், பதினைந்து வருடம் எடுத்துக்கொண்ட வாக்கியங்கள். சங்கத்துத் தலைவர் மட்டும், "அப்போ அந்தத் தொடையெல்லாம்?" என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் அவர் வாயை அடக்கினார்கள். அடோசிந்தா வீட்டு வாசலிலேயே மகளை முத்தமிட்டு அனுப்பிவிட்டாள், பஸ் நிறுத்தத்தில் நின்று அழுவது அவளுக்குப் பிடிக்காது. பெட்டியைக் குவால்தேர் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

ஏறுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினைந்து வருடமாக ஏற்றத்தைத் தவிர வேறு எதையும் அறியாத கால்கள் அவை. ஆனாலும் ஐம்பத்தெட்டு கிலோ, அதுவும் வாய் ஓயாத ஐம்பத்தெட்டு கிலோ. இருபதாவது வளைவில் அவள் பாடினாள், இருபத்தைந்தாவதில் அவர் முதுகு நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினாள். முப்பத்தொன்றாவது வளைவில் குவால்தேரின் லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் சூடாகிவிட்டது என்று அவர் பிற்பாடு சத்தியம் செய்தார், நாங்கள் நம்பவில்லை. சங்கிலி கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அதுவாப்பா?"

"அதேதான்."

"ரொம்பச் சின்னதா இருக்கு," என்றாள் ஒடெட், தன் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு. செஃபெரினோ கண்ணைத் தாழ்த்தி முன்சக்கரத்தை மட்டும் பார்த்து மிதித்தார். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கல் ஊற்று வந்தது, போனது.

கோயில் முக்கில் காலை ஊன்றி இறங்கியபோது தரை மட்டமாக இருந்தது. பழக்கமில்லாததால் ஒரு தள்ளாட்டம் தள்ளாடி ஒடெட்டின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான், மலையடிவாரத்திலிருந்து யோசித்திருக்க வேண்டிய ஒன்று அவருக்கு உறைத்தது. மாதாவுக்குக் கொண்டுவந்த மெழுகை யாரும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோவதில்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது. குவால்தேர் பெட்டியை அதன் வயிற்றில் தள்ளினார். ஒடெட் அவரைக் கட்டிக்கொண்டு, தட்டை மட்டமாக வைத்துச் சாப்பிடுங்கள் என்றாள். அவர் சரி என்றார், பஸ் கிளம்பி எதிர்ச்சரிவில் இறங்கி மறைந்தபிறகு கோயில் மதிலில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் தானாகவே உருளத் தொடங்கியது.

காலை பத்தரைக்கு அவர் இறங்கத் தொடங்கியதைக் குவால்தேர் பார்த்திருக்கிறார். பாலத்தடியில் அவரைப் பார்த்தபோது மணி ஒன்றரை. மிதிக்காமல், நடக்கிறவனைவிட மெதுவாக, பிரேக் இரண்டையும் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். எரிந்த ரப்பர் நாற்றம் அவருக்கு முன்பாகவே காப்பிக்கடைக்கு வந்துவிட்டது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலையைத் தூக்கி, "இறக்கம் வந்துடுச்சு அவருக்கு," என்றார். மற்றவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டார்கள்.

அடோசிந்தா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பதினாலு கிலோமீட்டர். அதுவும் இறக்கம்," என்றாள். "மூணு மணி நேரமா?"

"பிரேக் போட்டுக்கிட்டே வந்தேன்."

"ஏன்?"

"வீடு சீக்கிரம் வந்துடும்போல இருந்துச்சு."

அடோசிந்தா படியில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவளும் காலையிலிருந்து அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.