மிக மெதுவாக, டி மைனரில், பல் டாக்டரின் தலைக்கு மேலே

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. செல்லோ என்ற பெரிய வயலினில் வாசிக்கும் ஓர் இசையின் வேகம், சுருதி, மனநிலை பற்றிக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சத்தம் அதிகமானால் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதுதான். பல் வலிக்கு டாக்டரிடம் போனபோது மாடியிலிருந்து அதே இசை கேட்டது என்று எழுத ஆசை. உண்மையில் கேட்டது பக்கத்து நாற்காலிக்காரரின் குறட்டை. மிச்சத்தை நான் கட்டிவிட்டேன்.

2

முதல் வரியாக இதை வைத்துப் பார்த்தேன்: "மழை பெய்த ஒரு மாலையில் செல்லோவின் நாதம் அவளுடைய ஆன்மாவை..." வேண்டாம். ஆன்மா வந்துவிட்டால் பல் டாக்டருக்கு என்ன வேலை?

இப்படித் தொடங்கலாம். கீழே பல் டாக்டரின் புதுக் கிளினிக். மாடியில் டாக்டரின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, செல்லோ வாசிக்கிறாள். நாளை அவளுக்கு இசைக்குழுத் தேர்வு. போன தடவை கோட்டைவிட்டவள். வாசிக்க வேண்டியது மிக மெதுவாக, டி மைனர் என்ற சுருதியில், துயரத்தோடு. அது மரப்படி வழியாகக் கீழே வரும்போது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முனகுவது போலவே இருக்கும். உள்ளே யாரையோ என்னவோ செய்கிறார்கள் என்று பயந்து, காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். இப்படியே போனால் டாக்டர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

(ஓரகத்திகள் என்றதும் சண்டையை எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும். டாக்டருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சிக்கலே அதுதான்.)

3

டாக்டர் கையுறையோடு மாடியேறினாள்.

"ஏம்மா, இதையே கொஞ்சம் வேகமா வாசிக்கக் கூடாதா?"

"மெதுவான்னு எழுதியிருக்கேக்கா."

"எழுதினவருக்குப் பல் வலி வந்திருக்காது."

"வந்திருக்கும். அதான் மைனர்ல எழுதியிருக்கார்."

"மைனர்னா? கழுத்துல செயின் போட்டுக்கிட்டு ஊர் சுத்துவானே, அவனா?"

ஓரகத்தி சிரித்துவிட்டாள். அக்காவுக்காக வேகத்தைக் கூட்டினாள். "ஐயோ, மெஷினை வேகமா விட்டுட்டாங்க!" என்று கீழே ஒரு பெண் கைப்பையைத் தூக்கினாள். ஓரகத்தி மகிழ்ச்சியான மேஜர் சுருதிக்கு மாற்றிப் பார்த்தாள். முனகியவன் புத்தி பேதலித்துச் சிரிப்பது போலிருந்தது.

"விடுக்கா, நிறுத்திடறேன். பழகினது போதும்."

போதாது என்று இருவருக்கும் தெரியும்.

(ஓரகத்தி இவ்வளவு நல்லவளாக இருப்பது எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. கதவையாவது அறைந்து சாத்தச் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள்.)

4

டாக்டர் கீழே வந்து ஒரு தபால்காரரின் பல்லைக் குடையத் தொடங்கினாள். ஊசி போட்டும் மனிதர் கைப்பிடியை விடவில்லை. சற்று நேரத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மேல ஏம்மா நிறுத்திட்டாங்க?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்."

"தொந்தரவா? எனக்குப் பதிலா அவங்க முனகிட்டிருந்தாங்க. நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன். இனி நானே முனகணும்."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் அந்த இசையைக் கேட்டு ஓடியவர்களைத்தான் அவள் நினைத்திருந்தாள். மாடிப்படியடியில் போய் நின்றாள். ஒரு பக்கம் சிகிச்சை நாற்காலியில் தபால்காரர். மறுபக்கம் பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுவது போல மூன்று பேர். மேலே ஓரகத்தி வில்லோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

இதற்குப் பதில்கள் எழுதி எழுதிக் கிழித்தேன். "வாசி" என்றாள், பெஞ்சு காலி. "வேண்டாம்" என்றாள், ஓரகத்தி வில்லைப் பெட்டியில் வைத்த விதம் எனக்குத் தாங்கவில்லை. மூவரும் எழுந்து கைதட்டியதாகக்கூட எழுதினேன். நீங்கள் அடிக்க வருவீர்கள்.

ஊரையே வாயைத் திறக்கச் சொன்னவள், தன் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று: நீங்கள் உட்கார்ந்திருப்பது உள்ளே நாற்காலியிலா, வெளியே பெஞ்சிலா?