நூறு கிராமுக்கு எவ்வளவு

என் கணவர் பஞ்சாபகேசன் நல்லவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது. பம்பாயில் செம்பூரிலிருந்து வி.டி. ஸ்டேஷனுக்கு முப்பத்தாறு வருஷம் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போய்வந்த ஆடிட் கிளார்க். வெண்டைக்காய் வாங்கினாலும் இரண்டு கடையில் விலை கேட்காமல் பையைத் திறக்கமாட்டார்.

எங்கள் ஒரே பெண் வந்தனா, நான்கு வருஷத்துக்கு முன், தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, என்னையும் விடவில்லை. பேத்தி அம்முவைப் போனில்தான் பார்த்திருக்கிறோம். போன மாதம் வந்தனாவே கூப்பிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலிலிருந்து வர முடியாது.

"வெள்ளிக்கிழமை கார்த்தால ஏழு மணிக்கு என்னை உள்ள அழைச்சிண்டு போயிடுவாம்மா. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்கோ. அம்முவைப் பாத்துக்க ஆள் வேணும். எனக்கும் பயமா இருக்கு" என்றாள். பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லி நான் கேட்டதே இல்லை. டிக்கெட்டும் அவளே அனுப்பினாள். இவரும் மறுக்காமல் கிளம்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் விமானம். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போனபோது இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. முதல் தடவையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போவதா? மாட்டுங்கா கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் வரியே கிடையாது, பாதி விலை என்று பழைய ஆபீஸ் சிநேகிதர் யாரோ இவருக்கு ஓதிவைத்திருந்தார்.

"முட்டி வலியோட நீ அலையாதே அகிலா. இங்கயே உக்காந்துக்கோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். ஃப்ளைட்டுக்கு அனௌன்ஸ் பண்ணுவா, காதைத் தீட்டி வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார்.

நான் இருந்த இடத்திலிருந்து அவர் அலைவது தெரிந்தது. சாக்லேட் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் வெளிக்கடையில் கிடைக்காத பூதாகாரமான சைஸ். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்றே அப்படிச் செய்கிறார்களோ என்னவோ. இவரிடமா அது நடக்கும்? நூறு கிராமுக்கு எவ்வளவு என்று போனில் கணக்குப் போட ஆரம்பித்தார். பிறகு மாட்டுங்காவில் ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கும் ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டு, நானும் கேட்கட்டும் என்று என் பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அதே சாக்லேட்டு நம்ம கடையில நூறு கிராமுக்கு நாப்பது ரூவா கம்மில்லா சார்! அங்க போயி எதுக்கு வாங்குதீய?" என்றார் கடைக்காரர்.

"செண்ட்டு?"

"செண்ட்டு அங்க கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். எத்தன மில்லின்னு பாத்துச் சொல்லுங்க."

இவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பாத்தியா, பாதி விலையாம் பாதி விலை! ஊரை ஏமாத்தறான்" என்று சொல்லிவிட்டு, மில்லியைப் பார்க்க மறுபடி உள்ளே போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்தால் சிரித்தே பழக்கம். சிரித்துத் தொலைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். செம்பூர் ஸ்டேஷனில் வண்டி கொஞ்சம் தாமதமானாலும் மூன்று பாஷையில் கத்துவார்கள். பிளாட்பாரம் மாறினால் இன்னும் பலமாகக் கத்துவார்கள். லோக்கல் ரயிலிலேயே காலம் தள்ளிய எங்களுக்கு, கூப்பிடாமல் ஒரு வண்டி கிளம்பும் என்று தோன்றவே இல்லை. எதிரே திரையில் எழுத்துகள் மாறிக்கொண்டிருந்தன. அதை யார் பார்த்தார்கள்?

ஒருவழியாகச் சின்ன செண்ட் பாட்டிலோடு வந்து, நூற்றைம்பது ரூபாய் லாபம் என்றார். மெதுவாக நடந்து எங்கள் கேட்டுக்குப் போனோம். நாற்காலிகள் எல்லாம் காலி.

"அனௌன்ஸ்மென்ட் கியூன் நஹி கியா?" என்று அங்கிருந்த பெண்ணிடம், ஏன் மைக்கில் சொல்லவில்லை என்று இந்தியில் அவர் கோபமாகவே கேட்டார்.

"யஹான் அனௌன்ஸ்மென்ட் நஹி ஹோதா, அங்கிள்" என்றாள் அவள். இங்கே மைக்கில் கூப்பிடும் வழக்கமே இல்லையாம், திரையைத்தான் பார்க்க வேண்டுமாம். கதவை மூடிப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. எங்கள் பெட்டிகளைத் தேடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணுக்கு ஆபரேஷன் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவளுக்கும் கண் கலங்கிற்று. கதவு திறக்கவில்லை. இனி மறுநாள் மத்தியான விமானத்தில்தான் இடம் இருந்தது.

வந்தனாவைக் கூப்பிட அவருக்குத் துணிவில்லை. நான்தான் கூப்பிட்டேன். அழுவாள், திட்டுவாள் என்று பயந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"பரவாயில்லைம்மா. பக்கத்தாத்து ஜுவைரியாகிட்ட நேத்திக்கே சொல்லி வெச்சுட்டேன். அம்முவை அவ பாத்துப்பா. ஆஸ்பத்திரி ஃபாரத்துலயும் துணைக்கு ஆள்னு அவ பேரைத்தான் எழுதியிருக்கேன்."

"நேத்திக்கேவா? நாங்க வரோம்னு உனக்குத் தெரியுமேடி!"

"தெரியும்மா. ஆனா அப்பா வருவார்னு நான் நம்பலை."

நாளைக்கு வருகிறோம் என்றேன். வேண்டாம், சிரமப்படாதேங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்று அவர் கேட்டார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.