ஓய்காவா வீட்டில் தங்கிவிட்ட கடல்

இசொனே ஊரில் சுனாமி எண்பத்துமூன்று வீடுகளுக்குள் புகுந்தது. அறுபது வீடுகளைக் கையோடு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இருபத்துமூன்றில் இருபத்திரண்டு வீடுகளை விட்டு அன்று பொழுது சாய்வதற்குள் இறங்கிப் போனது. சிப்பி வளர்க்கும் ஓய்காவாவின் வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. தரையிலிருந்து மாடிக்கூரை வரை அந்த வீடு முழுக்கக் கடல் நின்றது. கிழக்குப் பக்கத்துச் சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த ஓட்டையிலும் தண்ணீர் சுவர்போல நின்றது. விரலை விட்டால் நனைந்தது, எடுத்தால் மூடிக்கொண்டது. வெளியே கடலில் ஓதம் ஏறும்போது உள்ளே குளிர்பதனப் பெட்டி மெல்ல எழுந்து உத்தரத்தில் இடித்தது, வற்றும்போது பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. நகராட்சிப் பொறியாளர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, படிவத்தில் ‘நீர் இன்னும் வடியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். அதைவிடச் சரியாக எழுத யாராலும் முடியாது என்றுதான் ஊரும் நினைத்தது.

மே மாதம் மூன்றாவது வாரம், கராசாவா ரித்சுகோ தன்னார்வலர்களின் பேருந்தில் பதினோரு மணி நேரம் பயணம் செய்து வந்து இறங்கினாள். நாற்பத்துநான்கு வயது. கடலே இல்லாத நாகானோ மலைநாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நீந்தத் தெரியாது. பிறந்ததிலிருந்தே பயந்தவள். வண்டியைக் கிளப்புமுன் மூன்று முறை பிள்ளைகளை எண்ணுவாள். இறக்கிவிட்ட பிறகு காலி இருக்கைகளையும் எண்ணுவாள். தொலைக்காட்சியில் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்த நாள் முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிட அங்கேயே போய்ப் பயப்படலாம் என்று தோன்றியது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஆணி ஏறாமலிருக்க இரும்புத் தகடு வைத்த ரப்பர் காலணி, தலைக்கவசம், முகமூடி, கழுத்தில் ஒரு ஊதல். நிலம் அதிர்ந்தால் ஊதலை ஊது, மண்வாரியைப் போடு, மேட்டுக் கோயிலுக்கு ஓடு, திரும்பிப் பார்க்காதே. முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி இவ்வளவுதான். அன்று மட்டும் நான்கு முறை நிலம் அதிர்ந்தது. நான்கு முறையும் எல்லோருக்கும் முன்னால் கோயில் வாசலில் நின்றவள் ரித்சுகோ.

தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவள் மகாபே. முன்பு மீன் ஏலக்கூடத்தில் விலை கூவியவள். கூடம் போன பிறகும் குரல் அப்படியே இருந்தது. ஓய்காவா வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் வரை நூற்று இருபது அடி வாய்க்கால் சேற்றாலும் வலைகளாலும் அடைத்துக் கிடந்தது. அதைத் தோண்ட ரித்சுகோவையும் சேர்த்து ஆறு பேரை அனுப்பினாள். அழுகிய மீனும் டீசலும் கலந்த அந்தச் சேற்றை வாரி மூட்டையாகக் கட்டித் தெருவோரம் அடுக்க வேண்டும். வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது, கதவைத் தொடக் கூடாது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். தெருப்பக்கச் சன்னலின் உள்பக்கம் பாசி படிந்து பச்சையாக இருந்தது. அந்தப் பாசியில், நடுவில், தட்டளவுக்கு ஒரு வட்டம் துலங்கியது. யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணியால் துடைப்பதுபோல வட்டம் சுற்றிச் சுற்றிப் பெரிதாகி, ஒரு முகம் பார்க்கும் அளவுக்கு வந்ததும் நின்றது. கையும் தெரியவில்லை, துணியும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் பாசி மறுபடி மூடிக்கொண்டது. தினமும் மூன்று மணிக்கு இப்படித்தான் என்று எதிர்வீட்டுக்காரர், மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஆனால் சொல்லும்போது சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆறு பேர் மூவரானார்கள். அதற்கு அடுத்த நாள் ரித்சுகோ மட்டும் மண்வாரியோடு வந்தாள். மலையேற்றக்காரன் ஒருவனும், தீயணைப்புத் துறையில் இருந்த ஒருவரும்கூட வேறு தெரு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பயமே அறியாதவர்களுக்கு அது வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ரித்சுகோவுக்குப் பயத்தை வைத்துக்கொண்டே வேலை பார்த்துப் பழக்கம். மூட்டைகளை எண்ணிக்கொண்டே சேற்றை வாரினாள். இரண்டே முக்கால் ஆனதும் சன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அப்படியும் பிடரி மயிர் சிலிர்ப்பதை வைத்து, இப்போது துடைக்கிறது, இப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடிந்தது.

“பயமா இல்லையாம்மா உனக்கு?” என்று மகாபே கேட்டாள்.

“ரொம்ப பயமா இருக்கு.”

“அப்ப ஏன் இங்கேயே நிக்கிறே? மலைக்காரிக்கு உப்புத் தண்ணியைப் பாத்தா ஊறுகாய் ஞாபகம் வந்துடுச்சா?”

ரித்சுகோ சிரிக்க முயன்றாள், வரவில்லை. பாதி வாய்க்காலை விட்டுவிட்டுப் போனால் ஊருக்குப் போயும் தூக்கம் வராது என்றாள்.

வீட்டுக்காரர் ஓய்காவா, வயது அறுபத்தொன்று, தினமும் காலையில் பள்ளிக்கூட முகாமிலிருந்து இறங்கி வந்து, எதிரே ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். முகாமில் கொடுக்கும் இரண்டு சோற்றுருண்டைகளில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை வாசற்படியில் வைப்பார். அவர் மனைவி ஃபூமி, காணாமல் போனவர்களின் பட்டியலில் இருந்தாள். வாய்க்கால் தோண்டும் பெண்ணை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஜூன் தொடங்கியதும் தண்ணீர் வளர ஆரம்பித்தது. ஓதத்துக்கு ஓதம் ஒரு விரற்கடை. முதலில் ஓடுகளின் இடுக்கில் மினுங்கியது. பிறகு கூரைக்கு மேலே, எதிலும் சாயாமல், ஒரு பெரிய கண்ணாடிக் குடம்போல எழும்பி நின்றது. வெயில் அதன் வழியாக விழுந்து தெருவெல்லாம் அலையலையாக நெளிந்தது. அந்த வெளிச்சத்தில் கால் வைக்கப் பயந்து மனிதர்கள் சுற்றுவழியாகப் போனார்கள். சுவர்கள் முனகின. அக்கம்பக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் சேறு கழுவி மாடியில் குடியேறியிருந்தன. அந்தக் குடம் உடைந்தால் அவர்கள் இரண்டாம் முறை சுனாமியைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை இயந்திரம் கொண்டுவந்து வீட்டை இடிப்பதாக நகராட்சி அறிவித்தது. இடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் தெருவில் விழும் என்று மகாபே கத்தினாள். போக வழி தெரியாமல்தான் அது நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வாய்க்கால் முடிந்துவிட்டால் கதவைத் திறந்து அனுப்பிவிடலாம் என்று வாதாடினாள். ஒருவழியாக ஞாயிறு மாலை வரை அவகாசம் கிடைத்தது. ரித்சுகோ ஊருக்குத் தொலைபேசியில் பேசி, விடுப்பை இன்னும் ஒரு வாரம் நீட்டித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்தபோது, முந்தின நாள் தோண்டிய இருபதடியும் மூடிக் கிடந்தது. கட்டி அடுக்கிய மூட்டைகள் ஒவ்வொன்றாக வாய்க்காலில் திரும்பப் போடப்பட்டிருந்தன. ஓய்காவா சட்டையெல்லாம் சேறாக மூச்சு வாங்கியபடி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவள் மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டாள். நாலைந்து மூட்டை போட்ட பிறகு அவர் எழுந்து வந்து வாய்க்காலுக்குள் இறங்கி, அவள் மண்வாரியைப் பிடித்துக்கொண்டார்.

“நாகானோம்மா, இதைத் திறந்துட்டா அவ போயிடுவா.”

ரித்சுகோ மண்வாரியை விடவில்லை. இருவரும் முழங்கால் சேற்றில் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். அப்படி நின்றுகொண்டேதான் அவர் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அன்று நிலம் அதிர்ந்து அடங்கியதும் அவர் படகைக் காப்பாற்ற ஆழ்கடலுக்கு ஓட்டிப் போயிருக்கிறார். கரையோரம் நின்றால் படகு நொறுங்கிவிடும், அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம். போகும்போது வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, மேட்டுக்கு ஏறு என்றார். சன்னலெல்லாம் சாத்திவிட்டு ஏறுகிறேன் என்றாள் ஃபூமி. சரி என்று வைத்துவிட்டார்.

“நடுக்கடல்ல அது அலையே இல்லம்மா. படகுக்கு அடியில ஒரு மேடு மாதிரி வந்துச்சு, தூக்கி இறக்கிச்சு, போயிடுச்சு. எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். திரும்பி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

ரித்சுகோ, கதவைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார்.

“ஏன் ஓய்காவா ஐயா?”

“உள்ள அவ இல்லாட்டி?”

ரித்சுகோ கதவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் பயம்தான் இந்தத் தெருவிலேயே பெரியது என்று நினைத்திருந்தாள்.

“அவங்க உள்ள இருப்பாங்களோன்னு நான் பயப்படுறேன். இல்லாமப் போயிடுவாங்களோன்னு நீங்க பயப்படுறீங்க. தனியாத் திறக்க ரெண்டு பேராலயும் ஆகாது. சேர்ந்து திறந்துடலாம்.”

அவர் மண்வாரியை விட்டுவிட்டு, ஒரு மூட்டையைத் தோளில் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், ஓதம் வற்றிய நேரம். பன்னிரண்டு குடும்பங்களும் கோயில் மேட்டில் நின்றன. மகாபே ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டு பாதி வழியில் நின்றாள். இழுப்புக் கதவின் ஒரு பக்கம் ஓய்காவா, மறுபக்கம் ரித்சுகோ. கதவு முதலில் அசையவில்லை. பிறகு ஓரங்குலம் நகர்ந்தது. அந்த இடுக்கு வழியாகக் கடல் வெளியே எட்டிப் பார்த்ததுபோல் ஒரு நாக்களவு தண்ணீர் வந்து, படியில் இருந்த சோற்றுருண்டையைத் தொட்டு நின்றது. ஓடிவிடலாம் என்று ரித்சுகோவின் கால்கள் சொல்லின. அந்த நேரம் பார்த்து நிலம் அதிர்ந்தது. மகாபே ஊதினாள். விதி ரித்சுகோவுக்கு மனப்பாடம்: போடு, ஓடு, திரும்பிப் பார்க்காதே. ஓய்காவா கதவை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை அது. ரித்சுகோ கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் பக்கத்தை இழுத்தாள்.

கடல் நடந்துதான் வந்தது. அதற்கு அவசரம் இருக்கவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறி, அவள் தலைக்கு மேலும் போனது. அவள் அடித்துச் செல்லப்படவில்லை. தண்ணீர் அவளை விலக்கிக்கொண்டு, நெரிசலில் மனிதர்கள் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுப் போவதுபோலப் போனது. மூச்சை அடக்கி, செத்தோம் என்று நின்றவளின் காதில், தட்டுகள் அடுக்கும் சத்தம், வீட்டுச் செருப்பு தரையில் உரசும் சத்தம், வானிலை சொல்லும் வானொலி, யாரோ வாய்க்குள் முணுமுணுத்த ஒரு பாட்டு எல்லாம் கேட்டன. மாடிச் சன்னல் ஒன்று சாத்தும் சத்தமும் கேட்டது. பிறகு தலை வெளியே வந்தது. தண்ணீர் வாய்க்காலின் இரு கரைக்குள் அடங்கி, ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் தயங்கி, துறைமுகத்தில் இறங்கியது. மொத்தம் நாற்பது நிமிடம் ஆனது என்று மகாபே எழுதிவைத்திருக்கிறாள். அவ்வளவு நேரம் மூச்சடக்கி ஒருத்தி எப்படி நின்றாள் என்று அன்றும் பிறகும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஃபூமி இல்லை. அறை அறையாகப் போனார்கள். ரித்சுகோ முன்னால் போனாள், ஏனென்றால் ஓய்காவாவுக்குக் கால் வரவில்லை. பதினான்கு சன்னல்கள். பதினான்கிலும் கொக்கி மாட்டியிருந்தது, உடைந்த கண்ணாடி இருந்த சன்னலிலும். அவர் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்து, எல்லாத்தையும் சாத்திட்டா, எல்லாத்தையும் சாத்திட்டா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடி அவள் வேலையை முடித்திருக்கிறாள், அதற்குப் பிறகுதான் கிளம்பியிருக்கிறாள் அல்லது கிளம்ப நேரமில்லாமல் போயிருக்கிறது. அதற்குமேல் தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் படியில் உட்கார்ந்து அழுதார். அந்த ஊரில் ஆண்கள் அப்படி அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பின்கட்டில் சமையலறை மட்டும் காலியாகவில்லை. அங்கே முழங்கால் அளவு கடல் நின்றுவிட்டது. இறைத்தால் ஊறியது, தரையைத் துளைத்தால் துளை மூடிக்கொண்டது. ஓய்காவா காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். ஜூன் மாதத்திலும் இசொனே கடலின் குளிர் எலும்பைக் குத்தும்.

“வெதுவெதுன்னு இருக்கு,” என்றார்.

நகராட்சி இடிப்பு ஆணையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அவர் அந்த வீட்டிலேயே குடியேறி, சமையலறையை முன்பக்கம் மாற்றிக்கொண்டார். பின்னறையில் இரண்டு வேளை ஓதம் ஏறி இறங்குகிறது; குளிர்காலத்தில் சிப்பி விதைகளை அதில் வைத்து வளர்க்கிறார், நன்றாக வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களும் வாங்கிப் போகிறார்கள். ரித்சுகோ ஒவ்வொரு மே மாதமும் வருகிறாள். வாய்க்காலைத் தூர் வாருகிறாள். அந்த அறை வாசலில் ஒவ்வொரு முறையும் அவளுக்கு வியர்க்கும். பயம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனாலும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் காலை நனைத்து உட்காருவாள்.

ஐந்தாம் ஆண்டு, புதிய கடற்சுவர் கட்டுவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஓய்காவாவின் கை சிப்பிச் சகதியாக இருந்ததால் படிவத்தை ரித்சுகோ நிரப்பினாள். குடியிருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் அவர் ஒன்று என்றார், ஒன்று என்று எழுதினாள். கடலுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் பின்னறையைப் பார்த்தார். அவள் பூஜ்யம் என்று எழுதினாள். வந்த அதிகாரி அதைப் படித்து, மீட்டரிலா அடியிலா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குப் போனார்.