மல்லி அறையில் செங்கால் ஆமை

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த ஜெஸ்லின், கல்யாணமான சில நாளில் மணலி புதுநகரில் இருந்த தாய் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் மடிமேல் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. கூடைக்குள் ஒரு ஆமை.

கல்மண்டபம் பகுதியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறது. கீழே கடை, நடு மாடியில் சரக்கு அறைகள், அதற்கு மேல் வீடு. தம்பி துரைராஜின் மனைவி இறந்த பிறகு அவன் பிள்ளைகள் மூவரையும் வளர்த்து ஆளாக்கியவள் நான், தங்கபுஷ்பம். மூத்தவன் அபின் கப்பலில் வேலை பார்க்கிறான்; ஜெஸ்லின் அவன் மனைவி. அடுத்தவன் டென்னிஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறான். கடைக்குட்டி ரெஜினா. இந்த வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் தாழ்வாகப் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததும் இல்லை.

நாங்கள் வேதக்காரர்கள். சகுனம், ராகுகாலம் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சு, கோயிலுக்குப் போகிறவர் யார், சர்ச்சுக்குப் போகிறவர் யார் என்று பார்த்தா நிற்கிறது? அதுவும் அந்த மாதம் ரெஜினாவுக்கு வரன் கூடிவந்திருந்தது. திருவொற்றியூரில் குடியிருக்கும் தூத்துக்குடிக் குடும்பம். பையன் ஃப்ரெடிக்கு எண்ணூர் துறைமுகத்தில் வேலை. ரெஜினாவுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பதைப் போட்டோவை அவள் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தாள் என்பதிலேயே தெரிந்துகொண்டேன். அவன் அம்மா சுகிர்தம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பது என்றால் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பது அல்ல. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அடுப்படி, குளியலறை, சரக்கு அறை வரை நடந்து பார்ப்பார்கள். பூட்டிய கதவு இருந்தால், ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பார்கள்.

எனவே கூடையைப் பார்த்ததும், அதை வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

ஜெஸ்லின் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு விவரம் சொன்னாள். அது அவளுடைய அப்பா வளர்த்த ஆமை. அவர் இறந்துவிட்டார், அண்ணனும் வேலைக்கு வெளிநாடு போகிறான், இனி அங்கே பார்க்க ஆளில்லை. நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பதே குற்றம், ஆனால் இது தென் அமெரிக்கக் காட்டு வகை, அப்பாவே வனத்துறையில் முறையாகப் பதிவு செய்திருக்கிறார் என்றாள். அதுவரை தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஆமை அப்போது எட்டிப் பார்த்தது. கருத்த ஓட்டில் மஞ்சள் பொட்டுகள். முன்கால்களில் மிளகாய் வற்றல் நிறத்தில் செதில்கள்.

வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் விடு என்று ஒரு படி இறங்கினேன்.

"மாடியில விட்டா இந்த மழையைத் தாங்காது, அத்தை" என்றாள் ஜெஸ்லின். "மழை விட்டா பருந்து வரும், சிமெண்ட் தரை சுடும். ரெண்டு மாசத்துல செத்துடும். செத்துச்சுன்னா, மருமகளோட வந்த ஜீவனைக்கூட இந்த வீட்டுல வச்சுப் பாக்கலன்னுதான் தெருவுல பேசுவாங்க."

அவள் மணலியில் ஒரு தொழிற்சாலையில் தீ விபத்துத் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எந்த இடத்தில் எது பற்றும் என்று தெரிந்தவள். எனக்கு எது பற்றும் என்பதும் தெரிந்திருக்கிறது.

இருந்தால் முறையாக இருக்க வேண்டும் என்றேன். நாற்றம் வரக் கூடாது, கூடத்துப் பக்கம் வரக் கூடாது, பார்க்கிறவர் முகம் சுளிக்கக் கூடாது. நடு மாடியில் மல்லி மூட்டை அடுக்கும் சின்ன அறை அப்போது காலியாக இருந்தது. அதைக் கொடுத்தேன். சுகிர்தம் வருவதற்குள் அதை எங்கே அனுப்புவது என்று பிறகு யோசிக்கலாம் என்பது என் கணக்கு.

முதலில் களத்தில் இறங்கியவன் டென்னிஸ். அண்ணிக்கு உதவுகிறேன் என்று கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய், ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தான். அதோடு விட்டானா? காசிமேட்டுக்குப் போய் இரண்டு கேன் நிறைய கடல் தண்ணீரையும் பிடித்து வந்தான். துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். அவன் பார்த்த ஆமையெல்லாம் வலையில் சிக்கியவை. தொட்டியில் பாதிக்கு ஊற்றிவிட்டு ஆமையைத் தூக்கும்போது ஜெஸ்லின் வந்து தடுத்தாள்.

"இன்னா அண்ணி, தண்ணி வேணாம்ன்றீங்க? ஆமைன்னா கடல்லதானே கீது?"

"அது நீந்துற ஆமை, டென்னிஸ். அதுக்குத் துடுப்பு இருக்கும். இதுக்குக் காலைப் பாரு. இதைத் தண்ணில விட்டா முங்கிப் போயிடும்."

டென்னிஸ் குனிந்து காலைப் பார்த்தான். "யானைக் காலு மாதிரி கீது" என்றவன், அப்படியானால் இந்தத் தண்ணீரில் தானே குளித்துக்கொள்வதாகச் சொன்னான்.

தண்ணீரை வடித்துவிட்டு, வேறு இடம் தயாராகும் வரை இருக்கட்டும் என்று ஆமையை வெறும் தொட்டியில் விட்டார்கள். அது கண்ணாடியை முட்டத் தொடங்கியது. சரக்கு எடுக்க அந்தப் பக்கம் போனபோதெல்லாம் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. வழி தெரிகிறது, போக முடியவில்லை. அதற்குக் கண்ணாடி என்றால் என்னவென்று புரியாது என்று ஜெஸ்லின் சொன்னாள். அன்று மாலையே சுற்றிலும் பழைய செய்தித்தாள் ஒட்டினாள். சத்தம் நின்றது. அதுவரை நான் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அன்றுதான் வாசலில் நின்று பார்த்தேன்.

பிறகு அவள் செய்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கப்பல் சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகள் துறைமுகச் சாலையில் மலிவாகக் கிடைக்கும். டென்னிஸ் ஒரு வண்டி கொண்டுவந்தான். ஜெஸ்லின் ஒவ்வொன்றையும் புரட்டி முத்திரையைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். பூச்சி மருந்து ஏற்றிய பலகையாம். சூட்டில் பதப்படுத்திய பலகைதான் வேண்டுமாம். அவன் முணுமுணுத்துக்கொண்டு போய் மாற்றி வந்தான். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. கொள்முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நானும் கையெழுத்து வைத்ததில்லை.

சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கும் குறைவாக, கதவைப் போல் இரண்டு மடங்கு பரப்பில் ஒரு பெட்டி எழுந்தது. மேலே மூடி இல்லை. உள்ளே லாரித் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து முழங்கை ஆழத்துக்குக் கொட்டினாள். காய்ந்த இலைகளைத் தூவினாள். ஒரு மூலையில் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தாள், அது படுக்கை. ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர். ஆமை தானே இறங்கி ஏறும்படி அதன் விளிம்பு மண்ணோடு மட்டமாக இருந்தது.

ஒரு கோடியில் சூட்டு விளக்கு. அதன் கீழே ஒரு தட்டைக் கல். இந்தக் கோடி வெதுவெதுப்பு, அந்தக் கோடி குளிர்ச்சி. எங்கே வேண்டுமோ அங்கே அது போய்க்கொள்ளும். அந்த அறையில் வெயில் விழாததால், வெயிலின் குணம் கொண்ட குழல் விளக்கு ஒன்றைத் தனியாக மாட்டினாள். அது இல்லாவிட்டால் ஓடு மெலிந்துவிடுமாம். இரவில் இரண்டையும் அணைத்துவிடுவாள். காசிமேட்டுக் கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு ஒன்றைக் கொறிப்பதற்குப் போட்டாள். இரண்டு கோடியிலும் தெர்மாமீட்டர். வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை, வந்தவுடன் ஒருமுறை மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பாள். பிடித்தால் நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது.

நான் இத்தனை வருடம் மல்லிக்கும் மிளகுக்கும் ஈரம் பார்த்தவள். கையில் எடுத்தவுடன் சரக்கின் நிலையைச் சொல்வேன். அந்தப் பெண் மண்ணைப் பிடித்துப் பார்க்கும் விதத்தைக் கண்டபோது, இந்த வீட்டுக்குச் சரியான மருமகள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அறையில் நாற்றம் இல்லை. மழை பெய்த தோட்டத்து வாசனை இருந்தது. ஆமை கல்லின்மேல் கால்களை நீட்டி, கடையை அடைத்துவிட்ட முதலாளி மாதிரி படுத்திருந்தது.

சுகிர்தம் வருவதற்கு முதல் நாள் தம்பி பயந்துபோய் என்னிடம் வந்தான். ஆமையை ஒரே ஒரு நாள் டென்னிஸின் சிநேகிதன் வீட்டில் விட்டுவிடலாம் என்றான். ஜெஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க சொன்னா எடுத்துட்டுப் போறேன், அத்தை" என்றாள். "ரெஜினா கல்யாணம்தான் முக்கியம். இடம் மாறினா கொஞ்ச நாள் சாப்பிடாது. பழகிடும்."

அவள் பிடிவாதம் பிடித்திருந்தால் எடுத்துப்போகச் சொல்லியிருப்பேன். இப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது? ஒளித்து வைக்கும்படியாக இந்த வீட்டில் எதுவும் இல்லை, மல்லி அறைக் கதவு திறந்தே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

மறுநாள் சுகிர்தம் தன் நாத்தனாரோடு வந்தாள். அடுப்படியைப் பார்த்துத் தலையசைத்தாள். குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். நடு மாடிக்கு இறங்கி மல்லி அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமை பப்பாளித் துண்டைத் தின்றுகொண்டிருந்தது.

சுகிர்தம் வெகு நேரம் பெட்டியையே பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். மருமகள் என்றேன். ஜெஸ்லின் என் பின்னால் நின்றாள், ரெஜினா படியில்.

"வேலை நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றாள் சுகிர்தம். "ஆனா ஆமை ஆமைதானே. எங்க சொந்தக்காரங்க வந்து பாத்தா சும்மா இருப்பாங்களா? நிச்சயத்துக்கு முன்னாடி இத எங்கயாவது கொடுத்துருங்க. மத்தபடி எங்களுக்கு ஒண்ணும் குறையில்ல."

தம்பி உடனே தலையை ஆட்டினான். நான் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தேன். முடிவு என் வாயில் இருந்தாலும் வாழ்க்கை அவளுடையது. அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை; ஜெஸ்லினைப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் தெரியும்படி, ஆமையைக் கொடுக்க வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"இது எங்க மருமக தாய் வீட்டுல இருந்து கொண்டுவந்தது, சுகிர்தம்" என்றேன். "நாளைக்கு எங்க பிள்ளையும் உங்க வீட்டுக்கு எதாவது கொண்டுட்டுத்தான் வருவா. அது உங்களுக்குப் பிடிக்கலன்னா தெருவுல போட்டுருவீங்களா?"

சுகிர்தம் மாடியேறிக் கூடத்துக்குப் போனாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். தம்பி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆமை புகுந்தது, சம்பந்தம் போனது என்று கடைக்கு வருகிறவர்களிடமே புலம்பினான். அறையைக் காலி செய்கிறேன் என்று ஜெஸ்லின் வந்து நின்றாள். அந்த அறை இனி ஆமைக்குத்தான், காலி செய்தாலும் வேறு எதற்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ரெஜினா சோறு தின்றாள், சிரித்தாள், எல்லாம் செய்தாள். போட்டோவை மட்டும் எடுக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கடை வாசலில் ஒரு பையன் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்கி நின்றான். போட்டோவில் பார்த்ததைவிட மெலிவு. ஃப்ரெடி என்று சொல்லி வணங்கினான்.

"எங்க அம்மா இங்கருந்து திரும்பி வந்ததுல இருந்து அந்தப் பெட்டியப் பத்தியேதான் பேசுது" என்றான். "வர்றவங்க போறவங்க எல்லார்ட்டயும், விளக்கு அப்படி, மண்ணு இப்படின்னு. இப்படி ஒரு மருமக நமக்குக் கிடைப்பாளான்னு கேக்குது. வேணாம்னு சொல்லவும் மனசு வரல, சரின்னு சொல்லவும் மானம் விடல. நான் ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், அத்தை."

டென்னிஸ் அவனை மேலே கூட்டிப்போக எழுந்தான். கையால் நிறுத்தினேன். பேச்சு முடியாத வீட்டில் மாப்பிள்ளை தனியாகப் படியேறுவது முறையல்ல.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். "கதவு திறந்துதான் இருக்கும்."

அவன் சிரித்துத் தலையசைத்தான். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மாடிக்குப் போய்க் காபி போட்டு, ரெஜினா கையில் கொடுத்தேன். கீழே கொடுத்துவிட்டு உடனே வர வேண்டும் என்றேன். அவள் உடனே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.