பனியில் தொலைந்த தம்பி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் தம்பி நவநீதனுக்கு வாய் இருந்தது, பேச்சுதான் வரவில்லை. முப்பது வயதைத் தாண்டியும் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் 'ரைட்'. அதுவும் நாங்கள் சொல்லித் தந்ததில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வர்க்கி ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு. காலையில் என்னோடு வருவான். எந்த பஸ் கிளம்பினாலும் ஓடிப்போய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி 'ரைட்' என்பான். அவன் தட்டினால்தான் வண்டி நகரும் என்று டிரைவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் சோறு போட்டு எஸ்டேட் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். எங்கள் லைன் வீட்டு முன்னால் கண்டக்டர் இறக்கிவிட்டுப் போவார்.

அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். பெண் கேட்டு வந்த இரண்டொருவர், தம்பியை எங்காவது இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்றார்கள். வந்த வழியைக் காட்டி அனுப்பினேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஸ்டாண்டில் கூட்டம் அதிகம் என்று எங்கிருந்தோ ஸ்பெஷல் வண்டிகளை விட்டிருந்தார்கள். ஊருக்குப் புது கண்டக்டர்கள். இவன் எதிலோ தட்டிவிட்டு அப்படியே ஏறிவிட்டான். நான் கடையை விட்டு எட்டிப் பார்க்கும்போது ஸ்டாண்டில் இல்லை.

அவனுக்குப் பிடித்தது மேட்டுப்பாளையம் வண்டி. அதனால் நானும் போலீஸ்காரர்களும் மலைக்குக் கீழேதான் தேடினோம். மேட்டுப்பாளையம், காரமடை, கோயமுத்தூர் என்று ஸ்டாண்டு ஸ்டாண்டாக அலைந்தேன். பேசத் தெரிந்தவன் என்றால் ஊர் பெயரையாவது சொல்லுவான். இவனை யாராவது முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முகம் எத்தனை பேர் கண்ணில் படுமோ அத்தனை நல்லது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் கீர்த்திவாசன் என்று கோயமுத்தூர்ப் பையன் ஆபீஸ் வைத்திருக்கிறான். காட்டேஜ்காரர்களுக்கும் சாக்லேட் கடைக்காரர்களுக்கும் போனில் வருகிற விளம்பரம் செய்து தருவது தொழில். அவனே இறங்கி வந்து, நவநீதனுக்கும் ஒரு விளம்பரம் போட்டுத் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம் என்றான். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதுதான் கதை.

என் போனில் தம்பியின் படம் இரண்டு இருந்தது. ஒன்று நான் எடுத்தது: பஸ் படியில் தொங்கிக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையில், வாயைத் திறந்து 'ரைட்' சொல்லும்போது. பாதி மங்கல், ஓரத்தில் கண்டக்டரின் தோல்பை. இன்னொன்று சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் எடுத்தது. பொண்ணு மாப்பிள்ளையைத் தேயிலைக்குள் நிறுத்தி எடுத்தவர் இவனையும் ஆசைக்கு நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, பின்னால் மலைமேல் பனி ஏறுகிறது, இளவெயில். 'ரெடி' என்று அவர் சொன்னதும் இவன் பக்கத்துச் செடியை பஸ் என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டிச் சிரித்தான். செடிமேல் கை வைத்தபடியே படத்தில் விழுந்துவிட்டான்.

நான் பஸ் படத்தைப் போடச் சொன்னேன். கீர்த்திவாசன் தலையை ஆட்டினான்.

"முன்ன மாதிரி இத்தனை வயசு, இந்த ஊருன்னு நாம ஆளைத் தேடறதில்லைங்க அக்கா. மூணு ஸ்டேட்டையும் தொறந்து உட்டுருவேன். படத்தையும் எழுத்தையும் விளம்பரம் போடற கம்ப்யூட்டரே படிச்சுப் பாத்து, யாரு நின்னு பாப்பாங்களோ அவங்ககிட்டக் கொண்டு போயிரும். இந்த மங்கல் படத்துக்கு ஆரும் நிக்கமாட்டாங்க."

காணாமல் போனவனுக்கு அழகு எதற்கு என்று கேட்டேன். அழகாக இருந்தால்தான் கை நிற்கும், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றான். பேச வராது, 'ரைட்' மட்டும் சொல்வான் என்பதை எழுதச் சொன்னதற்கு, நீளமாக இருந்தால் யாரும் படிப்பதில்லை என்று விட்டுவிட்டான். தேயிலைப் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் 'பனியில் தொலைந்த தம்பி' என்று போட்டான். கீழே ஊரும் போன் நம்பரும். பார்ப்பதற்குக் காலண்டர் மாதிரி இருந்தது.

மறுநாளே மாடியிலிருந்து ஓடி வந்தான். லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்களாம், காட்டேஜ் விளம்பரங்கள்கூட இப்படி ஓடியதில்லையாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லட்சம் பேரில் ஒருத்தர் கண்ணிலாவது பட்டிருக்க மாட்டானா என்று அவன் போனை வாங்கி, கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

'செம லொக்கேஷன், எங்க இருக்கு?' என்று ஒருத்தன். 'ரூம் வாடகை எவ்வளவு?' என்று ஒருத்தி. கல்யாணம் ஆன புதிதில் போக ஏற்ற இடமா என்று ஒரு ஜோடி. சிவப்பு சிவப்பாக இதயம். 'தம்பி நல்லா போஸ் குடுக்கறாரு, மாடலா?' என்று ஒரு புண்ணியவான். அழுகிற வீட்டில் பந்தி எப்போது என்று கேட்கிற கூட்டம். என் போனும் ஓயாமல் அடித்தது. எடுத்தால் சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, குழந்தைக்குத் தனிக் கட்டில் கிடைக்குமா என்கிறார்கள். காணாமல் போனவனுக்காகப் போட்ட விளம்பரம் என்றால், சாரி என்று வைத்துவிடுகிறார்கள்.

எந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டச் சொன்னேன். பெங்களூர், சென்னை, கொச்சி. பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், மலைக்கு டூர் வருகிறவர்கள். மேட்டுப்பாளையத்தில் கொஞ்சம் பேர். கூடலூர்ப் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"ஏந்தம்பி, பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்தறவனுக்கு இது போகலையா?"

தேயிலையையும் பனியையும் பார்த்து இது டூர் விளம்பரம் என்று அது எடுத்துக்கொண்டிருக்கும், தேயிலையைத் தினமும் பார்க்கிறவர்கள் இந்தப் படத்துக்கு நிற்கமாட்டார்கள் என்றான். அதை இப்போது சொல்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

உடனே மாற்றியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இத்தனை பேர் பார்க்கிறதில் எப்படியும் ஒருத்தர் கிடைப்பார் என்று தினமும் தள்ளிப்போட்டான். அந்த எண் ஏற ஏற அவனுக்கு அதை நிறுத்த மனசு வரவில்லை. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மாடி ஏறினேன். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ் படத்தைப் போடும்வரை கீழே இறங்கமாட்டேன் என்றேன். எழுத்தையும் நானே சொன்னேன்:

'இவன் பஸ் பைத்தியம். பேச வராது. ரைட் மட்டும் சொல்வான். வண்டி எடுக்கும்போது படிப் பக்கம் ரெண்டு தட்டுத் தட்டுவான். உங்க வண்டியில ஏறினானா?'

கீர்த்திவாசன் நான் சொன்னபடியே போட்டான். ஓடவேயில்லை என்றான் மத்தியானம். லட்சம் எங்கே, ஆயிரம் எங்கே. ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று காட்டினான். கண்டக்டர்கள், டிரைவர்கள், டயர் கடைக்காரர்கள், ஸ்டாண்டில் பழம் விற்கிறவர்கள். ஒருத்தரும் வாடகை கேட்கவில்லை. 'எங்க ரூட்டில் இல்லை அக்கா' என்று சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 'தாளவாடிப் பக்கம் கேட்டுச் சொல்கிறேன்' என்று இன்னொருவர். அந்த மங்கல் படம் போக வேண்டிய வீடுகளுக்குத் தானாக நடந்து போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் போன் வந்தது. கூடலூரிலிருந்து நாடுகாணிக்கு ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர், வடிவேல் என்று பேர்.

"ஏனுங்கக்கா, இவரு எங்க வண்டியில தட்டினவருங்க. நாடுகாணி ஸ்டாப்புல நிப்பாரு. ரெண்டு மூணு நாளா காணோம்."

எங்கே படுத்துக்கொள்வான் என்று கேட்டேன். ஸ்டாப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற நபீசா என்கிற அம்மாவுக்குத் தெரியும் என்றார். சுற்றி வளைத்துப் பேசினார். குரல் ஒரு மாதிரியாக இருந்ததை நான் மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் நான் பிடித்த பஸ்ஸில் கீர்த்திவாசனும் கூட வருகிறேன் என்று ஏறிக்கொண்டான். ஊட்டி, பைக்காரா, கூடலூர், நாடுகாணி. வழியெல்லாம் ஒரே மழை. நபீசாவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். நான் யார் என்று சொல்லுமுன்பே அடுப்பை அணைத்தாள்.

அவன் எப்படி வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் ஸ்டாப்பில் நின்று தட்டிக்கொண்டிருந்தானாம். பேர் கேட்டால் 'ரைட்' என்கிறான், அதையே பேராக வைத்துவிட்டாள். டீயும் பொறையும் கொடுத்திருக்கிறாள். ராத்திரி மழைக்குக் கடைக்குள் வந்து படு என்று இழுத்தாலும், கடைசி பஸ் போன பிறகும் ஸ்டாப்பை விட்டு வரமாட்டானாம். இன்னொரு வண்டி வரும் என்று நின்றிருப்பான், எனக்குத் தெரியாதா.

"பின்னே அவனுக்குப் பனியாச்சு மோளே. நல்ல பனி. தொட்டா கை சுடும்."

எங்களுக்குப் பனி என்றால் மலையில் இறங்குவது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கீர்த்திவாசனுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது போல, கடைக்கு வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

வடிவேலும் அவளுமாகச் சேர்ந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் போய்விட்டான். போனில் அதைச் சொல்ல வாய் வராமல்தான் வடிவேல் காணோம் என்றிருக்கிறார். பேர் இல்லாத ஆள் என்று பிணவறையில் வைத்திருக்கிறார்கள். நான் மாடியேறிச் சண்டை போட்ட அன்று அவன் ஏற்கனவே அங்கேதான் இருந்திருக்கிறான்.

நபீசா தன் போனை எடுத்துக் காட்டினாள். பஸ் படம் அதில் இருந்தது. நேற்றுத்தான் வந்ததாம். முந்தி வந்திருந்தால் அந்த நிமிஷமே கூப்பிட்டிருப்பேனே, நாள் முழுக்க இதைத்தானே நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் தேயிலைப் படத்தைக் காட்டி, இது வரவில்லையா என்று கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது வந்ததில்லை. ஏதோ ரிசார்ட்டோட பரஸ்யம், விளம்பரம், அல்லே? ஆளு ஆரு?"

அத்தனை நாள் டீ கொடுத்தவளுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் உட்கார்ந்து அழுதேன்.

தம்பியைக் குன்னூருக்குக் கொண்டுவந்தபோது ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். யாரோ ஒருவர் ஆம்புலன்ஸ் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். சொல்லை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

காரியம் முடிந்து, மழைக்காலமும் முடிந்து, கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஊட்டி பெர்ன்ஹில்லில் புதிதாக ஒரு காட்டேஜ் என்று விளம்பரம் வந்தது. வெயில் ஏறாத தேயிலை, பின்னால் பனி. தள்ளப் போனவள் நின்றுவிட்டேன். அதே மலை, அதே வளைவு. தம்பி நின்ற இடத்தில் செடிகள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் இருந்த செடிமேல், இலைகளுக்கு நடுவே, நாலு விரல் மட்டும் இருந்தது.

மாடி ஏறினேன். கீர்த்திவாசன் எழுந்து நின்றான். அந்தப் படம் நன்றாக ஓடியதே என்று காட்டேஜ் பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

"ஆளை எடுத்துட்டுத்தான் போட்டேனுங்க அக்கா" என்றான், அது ஒரு மரியாதை மாதிரி.

"கையை எடுக்காம உட்டுட்டியே கண்ணு" என்றேன். அதுவரை அவனை நான் நீ என்று பேசியதில்லை.

போனை வாங்கிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. என் கண் முன்னாலேயே அந்த விளம்பரத்தை அழித்தான். எனக்கு எப்படி அது வந்தது என்று கேட்டேன். பழைய படத்தை ரொம்ப நேரம் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கு மலைக்கு டூர் போக ஆசை என்று அது நினைத்திருக்கும் என்றான், தலையைத் தூக்காமல்.

அதை அழித்தானே தவிர, மற்றது வருவது நிற்கவில்லை. கோத்தகிரி, கொடைக்கானல், மூணாறு என்று தினமும் ஏதாவது தேயிலை, ஏதாவது பனி. தள்ளிவிடலாம் என்றுதான் கையை வைக்கிறேன். ஆனால் செடிகளுக்கு நடுவே விரல் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தள்ள முடிகிறது. நான் நின்று பார்ப்பேன் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று.