மேகம் என்று சொல்லிவந்த சுவர்

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் தங்கை போனில் போட்ட கூச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அச்சில் வந்தபிறகு அவள் ஊரைக் கூட்டிச் சொல்வாள்.

“அக்கா, உக்காந்திருக்கியா?”

“நின்னுக்கிட்டுத் துணி மடிக்கிறேன்.”

“முதல்ல உக்காரு. நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்.”

உட்கார்ந்தேன், மடித்து வைத்த துணியின் மேலேயே. அவள் குரல் அப்படி இருந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்றுகூட அவள் இவ்வளவு மூச்சு வாங்கவில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘காலை வெயில் பழைய கோட்டைச் சுவரின் மேல் மெல்ல’

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

‘அவள் ஒரு வழிகாட்டி. ஆனால் அவளுக்கு வழி காட்ட’

(இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் தங்கை சுற்றுலா வழிகாட்டி. வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஒரே நாளில் சாப்பிடவைத்து, ஓவியம் பார்க்கவைத்து, சரித்திரம் சொல்லி, சாயங்காலம் பத்திரமாக ரயில் ஏற்றிவிடுவாள். முதலில் சாப்பாட்டுக் கடை, பிறகு ஓவியக்கூடம், கடைசியில் கோட்டைச் சுவர். இந்த வரிசை மாறவே மாறாது. பசியோடு இருப்பவருக்கு ஓவியம் காட்டினால் அவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார் என்பது அவள் அனுபவம்.

இன்னொரு தொழில் பழக்கமும் உண்டு. எங்கே நின்றாலும் உட்கார்ந்தாலும் அவள் முகம் கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். யாராவது நழுவிவிடுவார்களோ என்று பயம். ஆகவே காட்டவேண்டியது எல்லாம் அவளுக்கு முதுகுப் பக்கம்தான். நகரத்தின் முக்கால்வாசியை அவள் முதுகுதான் பார்த்திருக்கிறது.*

* இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அவளுக்குப் பிடிக்கவில்லை. இருக்கட்டும்.

3.

அன்று ஓவியக்கூடத்தில் மதியம் தரை மெழுகுகிறார்கள் என்று சீக்கிரமே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வரிசையை மாற்றினாள். ஓவியம் முதலில், சாப்பாடு அப்புறம்.

அங்கே ஒரு படம் உண்டு. மேஜையைச் சுற்றிக் காலித் தட்டுகளோடு ஆட்கள். ஜன்னல் ஓரமாக ஒரு பெண், கையில் சட்டியோடு நிற்கிறாள். ஜன்னலின் நடுக்கம்பி இடது பக்கம் வளைந்திருக்கும். வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, அதில் இரண்டு கரும்புள்ளிகள். கீழே அட்டையில், ‘வரைந்தவர் தெரியவில்லை. இடம் தெரியவில்லை.’

சாம்பல் திட்டை மேகம் என்றும், புள்ளிகளைப் பறவைகள் என்றும்தான் தங்கை வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். “மழை வரப்போகுது, அதுக்குள்ள சாப்பிட்டுடணும்னு எல்லாரும் பறக்குறாங்க பாருங்க” என்று ஒரு நகைச்சுவையும் உண்டு. அன்றும் சொன்னாள். அன்றும் சிரித்தார்கள்.

பிறகு கடைக்கு வந்தார்கள். கூட்டத்தில் ஒரு முதுகுவலிக்காரர். சுவரில் சாய்ந்துகொள்ளத் தங்கை வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் கேட்டார். எழுந்து கொடுத்துவிட்டு, எதிரே போய் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தபடி நிமிர்ந்தாள்.

எதிரே ஜன்னல். நடுக்கம்பி இடது பக்கம் வளைந்திருந்தது. வெளியே கோட்டைச் சுவரின் மிச்சம், சாம்பல் நிறத்தில், அதில் இரண்டு பொந்துகள். தினமும் சாயங்காலம் ‘இதுதான் கோட்டையின் மூக்கு’ என்று அவளே காட்டும் அதே பொந்துகள்.

“ரொட்டி சூப்புல விழுந்துடுச்சுக்கா. நான் எடுக்கவே இல்ல.”

(இந்த இடத்தில் நானும் பேனாவைக் கீழே போட்டேன். எழுதும்போது பேனா விழுந்தால் நல்லது என்பார்கள். பேனா முனைக்கு நல்லதல்ல.)

4.

இனி கடைக்காரர். எல்லோரும் அவரை ‘நிதானம்’ என்று கூப்பிடுகிறார்கள், அவர் அடுப்பில் எதுவும் அவசரமாக வேகாது என்பதால். முதல் வரைவில் அவரை அமைதியானவராக, கண்ணில் நீர் தேங்கியவராக எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டுக் கேட்டாள்:

“யாருக்கா இது? அவரு வாயத் திறந்தா பக்கத்துக் கடைக்காரன் வெளிய வந்து பாப்பான்.”

திருத்திவிட்டேன். அவர் சத்தமான மனிதர். அந்தச் சத்தம் இப்போது இன்னும் கூடியிருப்பதற்குக் காரணம் சுகாதார அதிகாரி. புகைபோக்கி வைக்காவிட்டால் அடுப்பை அணைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புகைபோக்கி வைக்க அந்தக் கடையில் இருப்பது ஒரே இடம். அந்த ஜன்னல். நாளைக் காலை கொத்தனார் வந்து அதை இடிக்கப்போகிறார்.

தங்கை ஓவியக்கூடத்தில் போய்ச் சொன்னால் ஜன்னல் பிழைத்துவிடும். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்குள் அடுப்பு எரியக்கூடாது. தெருமுனை ரொட்டிக்கடையில் சுவரைச் சுரண்டியபோது பழைய ஓவியம் கிடைத்தது. இன்று அங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், விளக்கு போட்டிருக்கிறார்கள், ரொட்டி மட்டும் இல்லை.

“சொல்லாமலே விட்டுடேன்” என்றேன்.



“இத்தனை வருஷமா மத்தவங்க கண்டுபிடிச்சதையே சொல்லிட்டிருக்கேன்கா. இது ஒண்ணுதான் நானா பாத்தது.”

அவள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். அக்காவாகக் குறித்தேனா, கதை கிடைத்த சந்தோஷத்தில் குறித்தேனா என்று கேட்காதீர்கள்.

5.

முடிவு (அ): அவள் சொல்லிவிடுகிறாள். அட்டையில் இடத்தின் பெயர் ஏறுகிறது, கீழே பொடி எழுத்தில் அவள் பெயரும். நிதானம் டிக்கெட் வாங்கிக்கொண்டு தன் கடையைப் பார்க்க வருகிறார்.

முடிவு (ஆ): அவள் சொல்லவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் குழாய். சூப் அதே ருசி. அவள் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் நகைச்சுவையை மறந்துவிடுகிறாள்.

முடிவு (இ): புகைபோக்கியைப் பக்கத்துச் சுவர் வழியாகக் கொண்டுபோய்

“அது அடுத்தவங்க சுவர். உன் கதைக்காக அவங்க வீட்டை இடிப்பியா?” என்றாள். அதோடு (இ) போயிற்று.

6.

இன்று மதியம் கடையைப் பூட்டச் சொல்லி, நிதானத்தைத் தங்கை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் அவர் பேசிய பேச்சுக்குக் காவலாளி இரண்டு முறை உதட்டில் விரல் வைத்தார். படத்தின் முன்னால் வந்ததும் அவரே அடங்கிவிட்டார்.

“நம்ம கம்பி” என்றார். பிறகு, “அந்தம்மா ஏன் சட்டிய வச்சுக்கிட்டே நிக்குது? பரிமாறலாம்ல?”

“படம்ணே. அவங்க பரிமாறவே மாட்டாங்க.”

“அப்போ இவங்கள்லாம்?”

“காத்துக்கிட்டேதான் இருப்பாங்க.”

அவர் காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “அழகாத்தான் இருக்கு. அதான் வயித்தெரிச்சல். நீ கண்டுபிடிச்சது, நீயே சொல்லும்மா. கொத்தனாரு வரட்டுமா, வேண்டாமா?”

தங்கை என்னைப் பார்த்தாள். “நீதானே எழுதுற. முடி.”

7.

முயன்றேன். நேற்று அவர் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். கை தானாக அடுப்பின் பக்கம் சாய்ந்தது. இன்று படத்தைப் பார்த்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலை விட மனசில்லை. வரிசை மாறினால் முடிவும் மாறுகிறது. என்னை நம்பிப் பயனில்லை.

‘மறுநாள் காலை கொத்தனார்’

(இதற்கு மேல் வரவில்லை.)

அவள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இவ்வளவு தூரம் படித்துவிட்டதால் நீங்களும் இதில் கூட்டாளி. நைசாக நழுவ முடியாது. எனக்கு ஒரே ஒரு பதில் போதும், அதை வைத்து அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

உங்களுக்கு இப்போது பசிக்கிறதா?