குடியிருக்க ஒரு நீலக்குமிழ்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தின் பின்வாசலில் இறக்கிய பெட்டிக்குள் நீலக்குமிழ் செத்துக் கிடந்தது. அதன் இழைகளுக்குள் குடியிருந்த மீன் உயிரோடு இருந்தது.

நீலக்குமிழ் என்பது காற்றடைத்த பையோடு கடல்மேல் மிதக்கும் உயிர். பார்வைக்கு ஜெல்லி மீன் மாதிரி. பைக்குக் கீழே நீள நீளமாக இழைகள் தொங்கும். மேலே பட்டால் ஆளுக்கே நெருப்பு சுட்டதுபோல் எரியும். சுண்டுவிரல் நீளமுள்ள இந்த மீன், கரை காணாத நடுக்கடலில், அந்த இழைகளுக்கு நடுவில்தான் வளர்கிறது. விஷத்தை ஓரளவு தாங்கும். மற்றபடி, மேலே படாமல் நெளிந்து விலகித்தான் பிழைப்பை ஓட்டுகிறது.

மீன்களைப் பராமரிப்பவள் அதைத் தனித் தொட்டியில் விட்டாள். அது மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. இறால் குஞ்சுகளைத் தூவினாள், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வயிறு ஒட்டிப்போயிருந்தது. அதை வரவழைக்கச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சியவளே அவள்தான். கடலில் சிவனே என்று இருந்ததைக் கூட்டிவந்து பட்டினி போட்டுக் கொல்கிறோமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

மதியம் கணவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். பக்கத்துத் தெருவில் திரைச்சீலை தைக்கும் கடையில் அவருக்கு வேலை.

"சாப்பிட்டுச்சா?"

"இல்லீங்க."

"அது கிடக்கட்டும். நீ?"

நேற்றைய டப்பா மூடியபடியே மேசைமேல் இருந்தது.

"நல்லா ஜோடி சேர்ந்தீங்க ரெண்டு பேரும்."

"அதுக்கு வீடு போயிடுச்சுங்க. எப்படிச் சாப்பாடு இறங்கும்?"

"வீடுதானே? தச்சுட்டாப் போச்சு."

"சாயத்துணி ஆகாது. தண்ணியில சாயம் இறங்கினா அது கதை முடிஞ்சுது."

சாயங்காலம் கையில் ஒரு வீட்டோடு வந்து நின்றார். ஊதி வாயை ஒட்டிய பிளாஸ்டிக் பை. அதன் கீழே நீலப் பாலிதீனை நாடா நாடாவாகக் கத்தரித்து, பணக்கார வீட்டு வரவேற்பறைத் திரைபோல் நெருக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்.

"மீனுக்கு வீடு தச்ச முதல் டெய்லர் நான்தான். கூலியெல்லாம் வேண்டாம், ஒரு காப்பி போதும்."

சிரித்துக்கொண்டே அவள் அதைக் கழுவி மிதக்கவிட்டாள். கண்ணாடியில் முட்டாமல் இருக்க, விளிம்பில் நூலால் கட்டினாள். மீன் மூலையை விட்டு அசையவில்லை.

மறுநாள் மதியம் இருவரும் தொட்டியை உற்றுப் பார்த்தார்கள்.

"படாம நுழையுற ஜாதிங்க அது. நீங்க தச்சதுல ஊசி போகக்கூட இடமில்லை."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" நூலை அவிழ்த்து மிதவையை வெளியே எடுத்து, பாதிக்குப் பாதி நாடாக்களை நறுக்கிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் வைத்தார். ஈரத் தரையைக் காயவைக்க ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியின் காற்றில், மிதவை மெல்ல நகர்ந்து போனது.

"ஐயோ, கட்டலையே!" அவள் கையை நீட்டினாள்.

அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு. அங்க பாரு."

மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. மிதவை போன பக்கம் அதுவும் போனது. காற்றுக்கு மிதவை திரும்பியபோது கூடவே திரும்பி, இரண்டு நாடாக்களுக்கு நடுவில் வளைந்து உள்ளே நுழைந்தது.

நடுக்கடலில் எந்த வீடு ஒரே இடத்தில் நிற்கும்? இத்தனை வருஷம் மீனோடு மாரடிப்பவள், போயும் போயும் வீட்டைக் கட்டிப்போட்டிருக்கிறாள்! அவள் தலையில் அடித்துக்கொண்டு, இறால் குஞ்சுகளை மிதவையின் பக்கத்தில் தூவினாள்.

"முழுங்கிடுச்சுங்க! பாருங்க, இன்னொண்ணு!"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. இப்ப நீ உட்காரு." அவர் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார்.

அதன் பிறகும் விசிறி அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. தரை எப்போதோ காய்ந்துவிட்டது.

ஆகஸ்டுக்குள் மீன் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. மிதவையை விட்டு அடித்தரைப் பக்கமே சுற்றத் தொடங்கியது.

"என்ன, என் வீடு பிடிக்கலையாமா?" என்றார் கணவர்.

"வளர்ந்துடுச்சுங்க. பெருசான பிறகு ஆழத்துக்குப் போயிடும். கடல்லயும் அப்படித்தான்."

அந்த வாரமே மீனை ஆழமான தொட்டிக்கு மாற்றினார்கள். அவள் மிதவையைக் கழுவிக் காயவைத்து, அலமாரியில் வைத்தாள். விசிறியை நிறுத்தினாள்.